நரம்புக்குப் போன சிஃபிலிஸ்: முதுகில் நீர் எடுப்பதா, எந்த ஊசி, எங்கே தங்கிப் போட்டுக்கொள்வது?

போன மாதம் ஒரே வாரத்தில் மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியை எழுதிக் கேட்டிருந்தார்கள். முதலாமவருடைய அப்பாவுக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. ஆறு மாதமாகச் சில்லறை எண்ணத் தடுமாறுகிறார், யாரிடமும் கோபப்படாத மனிதர் தட்டைத் தூக்கி எறிகிறார், சிஃபிலிஸுக்கான ரத்தப் பரிசோதனை வி.டி.ஆர்.எல். பாசிட்டிவ். இரண்டாமவருக்கு முப்பத்து நான்கு வயது, விற்பனைப் பிரதிநிதி, இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு காது திடீரென்று அடைத்துப் போனது, கூடவே இரைச்சல். மூன்றாமவர் எச்.ஐ.வி.க்கு ஒழுங்காக மருந்து எடுப்பவர், உடம்பில் ஒரு தொந்தரவும் கிடையாது, வழக்கமான பரிசோதனையில் அதே வி.டி.ஆர்.எல். 1:64 என்று, அதாவது ரத்தத்தை 64 மடங்கு நீர்த்தும் பாசிட்டிவ் என்று வந்துவிட்டது. மூன்று பேரிடமும் "முதுகில் நீர் எடுத்துப் பார்த்துவிடலாம், தேவைப்பட்டால் அட்மிட் பண்ணி ஊசி" என்று சொல்லியிருக்கிறார்கள். மூன்று பேரும் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நான் டாக்டர் இல்லை. தோல், பால்வினை நோய்ப் பிரிவிலும் பிறகு நரம்பியல் வார்டிலும் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். மருந்தை முடிவு செய்வது உங்கள் டாக்டர்தான். ஆனால் அவர் "எது உங்களுக்கு வசதி?" என்று கேட்கும்போது எதை வைத்து பதில் சொல்வது என்பதை, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவள் என்ற முறையில் சொல்ல முடியும். இந்த மூன்று பேருக்கும் ஒரே பதில் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

## முதலில், எதை வைத்து எடை போடுவது

சிஃபிலிஸ், அதாவது மேகநோய், கிரந்தி என்று பெரியவர்கள் மூடி மறைத்துச் சொன்ன நோய், நரம்புக்குப் போவது கடைசிக் கட்டத்தில்தான் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். தொற்று வந்த சில மாதங்களிலேயே மூளை உறையிலும் கண்ணிலும் காதிலும் போய் உட்காரும், இருபது வருஷம் கழித்து ஞாபக மறதியாகவும் தள்ளாட்டமாகவும் வரும், இரண்டும் உண்டு. எந்தக் கட்டமானாலும் நான் பார்ப்பது இவற்றைத்தான்:

- மருந்து ரத்தத்திலிருந்து மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீருக்குள் (முதுகில் எடுப்பது இந்த நீரைத்தான்) போதுமான அளவு போய்ச் சேருமா? இது பாஸ், ஃபெயில் கேள்வி. ஃபெயில் என்றால் அந்த வழியை மறந்துவிடலாம்.
- 10 முதல் 14 நாள், ஒரு வேளையும் விடாமல், இந்த மனிதரால் முடிக்க முடியுமா?
- இந்த வழிக்கு எவ்வளவு அனுபவம், எவ்வளவு ஆதாரம் இருக்கிறது?
- இந்த உடம்புக்கு என்ன ஆபத்து? அலர்ஜி, சிறுநீரகம், இதயம், கர்ப்பம்.
- மருந்து விலையைத் தவிர வேறு என்ன செலவு? கூட இருப்பவரின் சம்பளம், பயணம், இன்ஷூரன்ஸ்.
- யார் யாருக்குத் தெரியவரும்?

கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, கேளுங்கள். ஆனால் அதை வைத்து மட்டும் வழியைத் தேர்ந்தெடுத்தவர்கள் மூன்று மாதம் கழித்து மோசமான நிலையில் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

## முடிவு ஒன்று: முதுகில் நீர் எடுப்பதா, எடுக்காமலே மருந்தைத் தொடங்குவதா

"சிஸ்டர், முதுகுல ஊசி போட்டா கால் விழுந்துடுமாமே?" இந்தக் கேள்வி வராத வாரம் கிடையாது. பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே, முதல் இடுப்பு எலும்பு மட்டத்தில் முடிந்துவிடுகிறது. ஊசி போவது அதற்கும் கீழே, மூன்றாவது நான்காவது எலும்புக்கு நடுவிலோ நான்காவது ஐந்தாவதுக்கு நடுவிலோ. அங்கே தண்டுவடம் இல்லை, நீரில் மிதக்கும் நரம்பு இழைகள்தான். ஊசி படும்போது காலில் ஒரு சுரீர் வந்து போகலாம், கால் விழாது.

உண்மையான தொந்தரவு தலைவலிதான். எழுந்து உட்கார்ந்தால் வரும், படுத்தால் விடும், சில நாள் இருக்கும். தலையணை இல்லாமல் மல்லாந்து கிடந்தால் வராது என்று நாங்களே எத்தனையோ பேரை மணிக்கணக்கில் படுக்க வைத்திருக்கிறோம், அப்படிப் படுத்துக் கிடப்பதால் தடுக்க முடியாது என்று ஆய்வுகள் சொல்லிவிட்டன. மெல்லிய, முனை கூராக வெட்டாத ஊசியைப் பயன்படுத்தினால் தலைவலி குறைகிறது. "அந்த ஊசி இருக்கிறதா?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

எடுப்பதுதான் நல்லது: ஞாபக மறதி, குணமாற்றம், சின்ன வயதில் பக்கவாதம், முகம் கோணுதல், இரட்டையாகத் தெரிதல், கால் தள்ளாட்டம், விடாத தலைவலியோடு கழுத்துப் பிடிப்பு, இப்படி நரம்பு சம்பந்தமான ஏதாவது இருந்தால். முன்னால் சிகிச்சை எடுத்தும் இப்படிப் புதிதாகத் தொடங்கினாலும் அதேதான். நம் ஊரில் இதற்கு இன்னொரு வலுவான காரணம் உண்டு. காசநோய் மூளைக்காய்ச்சல் இங்கே சாதாரணம். அதுவும் நீரில் அணுக்களையும் புரதத்தையும் ஏற்றும். எச்.ஐ.வி. இருந்தால் பூஞ்சை மூளைக்காய்ச்சலும் பட்டியலில் சேர்கிறது. ரத்தத்தில் வி.டி.ஆர்.எல். பாசிட்டிவ் என்பதாலேயே மூளையில் இருப்பதும் அதுதான் என்று சொல்லிவிட முடியாது. நீரைப் பார்க்காமல் இரண்டு வாரம் பெனிசிலின் போட்டுவிட்டு, அப்புறம் காசநோய் என்று தெரிந்தால் அந்த இரண்டு வாரம் போனது போனதுதான்.

ஆக, முதல் கடிதத்து அப்பாவுக்கு எடுக்க வேண்டும். எடுப்பதற்கு முன்னால் தலைக்குள் அழுத்தம் இல்லை என்று ஸ்கேனில் பார்த்துக்கொள்வார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதை மறக்காமல் சொல்லுங்கள்.

எடுக்காமலே தொடங்கலாம்: கண் மட்டும் அல்லது காது மட்டும் பாதித்து, வேறு நரம்புத் தொந்தரவு ஒன்றும் இல்லாமல், ரத்தப் பரிசோதனையும் உறுதியாகப் பாசிட்டிவ் என்றால். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யின் 2021 வழிகாட்டி இதைத் தெளிவாகவே சொல்கிறது. காது பாதிப்பில் பெரும்பாலும் நீர் நார்மலாகவே வரும். நார்மலாக வந்தாலும் மருந்தை மாற்றப் போவதில்லை, நரம்புக்கு உரிய அதே மருந்துதான். காதில் ஒவ்வொரு நாளும் கணக்கு என்பதால் விற்பனைப் பிரதிநிதி தம்பி நீர் எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டு இன்னொரு வாரத்தைக் கழிக்கக் கூடாது. கண்ணுக்கும் அப்படித்தான், கண் மங்கியவர் அன்றைக்கே கண் டாக்டரிடம் போக வேண்டும்.

எடுக்கத் தேவைப்படாமல் போகலாம்: ரத்தத்தில் மட்டும் பாசிட்டிவ், நரம்பு, கண், காது எதிலும் ஒன்றும் இல்லை. மூன்றாவது கடிதம் இதுதான். எச்.ஐ.வி. இருக்கிறவர்களில் 1:32 அல்லது அதற்கு மேலோ, சி.டி.4 எண்ணிக்கை (எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் வெள்ளை அணுக்கள்) 350 அல்லது அதற்குக் கீழோ இருந்தால் நீரில் மாற்றம் தெரிய வாய்ப்பு அதிகம்தான், அதனால் சில டாக்டர்கள் எடுக்கச் சொல்வார்கள். ஆனால் அறிகுறி இல்லாதவருக்கு அப்படி எடுப்பதால் பின்னாளில் நிலைமை மேம்படுகிறது என்று காட்டப்படவில்லை. அவர் டாக்டரிடம் கேட்க வேண்டியது: "கண்ணில் பூச்சி பறப்பது, காதில் இரைச்சல், புதிய தலைவலி எதுவும் எனக்கு இல்லை, இருந்தும் எடுக்கச் சொல்வது ஏன்?" சரியான காரணம் இருந்தால் அவரே சொல்வார்.

### நீர் எடுக்கும் அன்று ஏமாறும் இடங்கள்

எடுத்த நீர் மேஜையில் காத்திருந்தால் உள்ளே இருக்கும் வெள்ளை அணுக்கள் சிதைந்துகொண்டே போகும். ஒரு மணி நேரத்துக்குள் லேபில் எண்ண வேண்டும். சாயங்காலம் நாலரை மணிக்கு எடுத்து, லேப் மூடுகிற நேரத்தில் போய், மறுநாள் எண்ணி "அணுக்கள் இல்லை" என்று வந்த ரிப்போர்ட்டை நான் கையில் வாங்கியிருக்கிறேன். காலையில் எடுக்கச் சொல்லுங்கள். லேப் அதே கட்டடத்தில் இல்லையென்றால் யார் கொண்டு போவார் என்று முன்னாலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, எந்தப் பரிசோதனை என்பது. ரத்தத்துக்கு ஆர்.பி.ஆர். (வி.டி.ஆர்.எல். மாதிரியே இன்னொரு பரிசோதனை) செய்யும் லேப் நீருக்கும் அதையே செய்து அனுப்பிவிடும். நீருக்கு வேண்டியது வி.டி.ஆர்.எல். அது பாசிட்டிவ் வந்து, நீரில் ரத்தம் கலக்காமலும் இருந்து, அறிகுறியும் இருந்தால் நோய் உறுதி. நெகட்டிவ் வந்தால் நோய் இல்லை என்று அர்த்தமாகாது, நோய் இருக்கிறவர்களில் கணிசமான பேருக்கு அது நெகட்டிவாகவே வரும். அப்போது அணுக்கள் (5-க்கு மேல், எச்.ஐ.வி. இருந்தால் 20-க்கு மேல் என்று எடுப்பார்கள்), புரதம் (45 மில்லிகிராமுக்கு மேல்), அறிகுறி எல்லாவற்றையும் சேர்த்து வைத்துதான் டாக்டர் முடிவுக்கு வருவார். எஃப்.டி.ஏ. என்ற இன்னொரு பரிசோதனைக்கு நேர் எதிர் குணம்: நீரில் அது நெகட்டிவ் என்றால் நரம்பு சிஃபிலிஸாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, பாசிட்டிவ் என்றால் மட்டும் ஒன்றும் நிரூபணமாகாது.

ரத்தப் பரிசோதனையிலும் இரண்டு பள்ளம் உண்டு. மிகப் பழைய நோயில் ரத்த வி.டி.ஆர்.எல். தானாகவே நெகட்டிவாக மாறியிருக்கலாம், அதனால் ஞாபக மறதிக்காகப் பார்க்கிறவர்களுக்கு, சிஃபிலிஸ் கிருமிக்கென்றே உள்ள டி.பி.எச்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையும் சேர்த்து வேண்டும். எதிரணுக்கள் (ஆன்டிபாடி) அளவுக்கு மீறி இருந்தாலும் நீர்க்காத ரத்தத்தில் பொய்யாக நெகட்டிவ் காட்டும். சந்தேகம் வலுவாக இருந்தால் நீர்த்துப் பார்க்கச் சொல்லி டாக்டர் லேபுக்குச் சீட்டு எழுதுவார்.

## முடிவு இரண்டு: எந்த மருந்து, எங்கே

முதலில் அட்டவணை, பேச்சு பிறகு.

| வழி | எப்படி, எத்தனை நாள் | மூளை நீருக்குள் போகுமா | ஆதாரம் | கண்ணில் படாத செலவு | யாருக்கு ஒத்துவரும் |
|---|---|---|---|---|---|
| கிரிஸ்டலைன் பெனிசிலின் | நரம்பு வழி, 4 மணிக்கு ஒரு முறை, 10–14 நாள் | போகும் | மிக வலுவானது | படுக்கை, துணைக்கு ஆள், வீங்கும் கை, தூக்கம் | பெரும்பாலோருக்கு. கர்ப்பிணிகளுக்கு இதுதான் |
| புரோக்கெய்ன் பெனிசிலின் + புரொபெனெசிட் | தினம் ஒரு தசை ஊசி, கூடவே தினம் 4 மாத்திரை, 10–14 நாள் | மாத்திரையோடு சேர்ந்தால் போகும் | நல்லது | வலி, மாத்திரை கிடைப்பது, தினசரிப் பயணம் | தினமும் தவறாமல் வரக்கூடியவர்கள் |
| செஃப்ட்ரியாக்சோன் | தினம் ஒரு முறை, 1–2 கிராம், 10–14 நாள் | போகும் | வளர்ந்துவருகிறது | பித்தப்பைக் கசடு, "மாற்று மருந்து" என்ற சந்தேகம் | படுக்கையில் தங்க முடியாதவர், கடுமையில்லாத அலர்ஜி |
| டாக்சிசைக்ளின் | 200 மில்லிகிராம், தினம் 2 வேளை, 28 நாள் | ஓரளவு | குறைவு | விட்ட வேளை யாருக்கும் தெரியாது | வேறு வழியே இல்லாதபோது. கர்ப்பத்தில் கூடாது |
| பென்ஸத்தின் (பெனிட்யூர்) | வாரம் ஒரு ஊசி | போதுமான அளவு போகாது | இதற்கு இல்லை | நோய் நிற்காது | நரம்பு நோய்க்கு யாருக்கும் இல்லை |

### கடைசியில் இருப்பதிலிருந்து தொடங்குகிறேன்

ஏனென்றால் அதிகம் பேர் தப்பு செய்வது இங்கேதான். "சிஃபிலிஸுக்கு வாரம் ஒரு ஊசி, மூணு வாரம், முடிஞ்சுது" என்று தெரிந்தவர் சொல்லியிருப்பார், அவருக்கு அது சரியாகவும் இருந்திருக்கும். நரம்புக்குப் போகாத சிஃபிலிஸுக்கு பென்ஸத்தின்தான் சரியான மருந்து. 1:64 வந்து, தொந்தரவு ஒன்றும் இல்லாத மூன்றாவது நண்பருக்கு, நரம்பில் இல்லை என்று டாக்டர் முடிவு செய்தால், கிடைக்கப் போவதும் அதுதான். ஆனால் அந்த ஊசி இடுப்பில் ஒரு சேமிப்புக் கிடங்கு மாதிரி இருந்துகொண்டு மெல்ல மெல்லக் கசியும், ரத்தத்தில் கொஞ்சமாக, வாரக்கணக்கில். மூளை நீருக்குள் கிருமியைக் கொல்லும் அளவுக்கு அது சேர்வதில்லை. பிரதான சிகிச்சை முடிந்த பிறகு, பழைய நோய்க்காரர்களுக்கு மேற்கொண்டு ஒன்று முதல் மூன்று வாரம் இதைப் போடுவார்கள், அது வேறு கதை.

அஜித்ரோமைசின் மாத்திரையை யாராவது சொன்னால் அதையும் தள்ளுங்கள். அதற்கு எதிர்ப்பு வளர்த்துக்கொண்ட கிருமிகள் உலகம் முழுக்கப் பரவிவிட்டன. பெனிசிலினுக்கு எதிர்ப்பு வளர்த்த சிஃபிலிஸ் கிருமியோ இன்றுவரை பதிவாகவில்லை, அமெரிக்க டாக்டர் மஹோனி 1943-இல் முதல் நோயாளிகளுக்கு அதைப் போட்டுப் பார்த்த நாள் தொட்டு. அதற்கு முன்னால் மூளைக்குப் போனவர்களுக்கு மலேரியாவை வேண்டுமென்றே ஏற்றி, காய்ச்சலால் கிருமியை வாட்டினார்கள். 1917-இல் வியன்னாவில் அதைத் தொடங்கிய மனநல டாக்டர் வாக்னர் யாவ்ரெக்குக்கு 1927-இல் நோபல் பரிசே கொடுத்தார்கள்.

### கிரிஸ்டலைன் பெனிசிலின், படுக்கையில் தங்கி

ஒரு நாளைக்கு 1 கோடியே 80 லட்சம் முதல் 2 கோடியே 40 லட்சம் யூனிட் வரை. எண் பெரிதாக இருப்பதால் பயப்பட வேண்டாம், ஆனால் வார்டில் அது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கையில் இருப்பது 10 லட்சம் குப்பி என்றால், மேல் அளவில் ஒரு வேளைக்கு 4 குப்பி, ஒரு நாளைக்கு 24 குப்பி, 14 நாளைக்கு 336 குப்பி. ஒவ்வொன்றிலும் நீர் விட்டுக் குலுக்கி, தூள் கரைந்ததும் உறிஞ்சி, சலைன் பாட்டிலில் ஏற்றி, மெதுவாக விட வேண்டும். காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10, பின்னிரவு 2. மொத்தம் 84 வேளை.

அந்தப் பின்னிரவு 2 மணி வேளைதான் விடுபடும். வார்டில் ஒரே ஒரு சிஸ்டர், அந்த நேரத்தில் வேறு கட்டிலில் ஒருவருக்கு வலிப்பு, பெனிசிலின் நாலு மணிக்குப் போகும், இல்லை அடுத்த வேளையோடு சேர்ந்து போகும். குறையாகச் சொல்லவில்லை, நானே அந்த ஒரே சிஸ்டராக இருந்திருக்கிறேன். துணைக்கு இருப்பவர் ஒரு தாளில் வேளைகளை எழுதி டிக் அடித்துக்கொண்டு, 2 மணிக்கு மரியாதையாக வந்து ஞாபகப்படுத்தினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இன்ஃப்யூஷன் பம்ப் இருக்கும் இடமென்றால் நாள் முழுக்கத் தொடர்ச்சியாக ஏற்றலாம், அதுவும் அங்கீகரிக்கப்பட்ட முறைதான், நோயாளியும் தூங்கலாம்.

கையில் குத்தியிருக்கும் வென்ஃப்ளான் மூன்று நாளில் வீங்கும், சிவக்கும், மாற்றிக் குத்த வேண்டும். இரண்டு வாரத்தில் நாலைந்து இடம் பார்க்க வேண்டிவரும். இந்த மருந்தில் சோடியமோ பொட்டாசியமோ உப்பாகச் சேர்ந்தே வருகிறது, இவ்வளவு பெரிய அளவில் அது சின்ன விஷயமில்லை, ஆகவே இதய பலவீனமோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் டாக்டரிடம் இன்னொரு முறை சொல்லுங்கள்.

இத்தனைக்கும் பிறகும் என் ஓட்டு முதலில் இதற்குத்தான். அரசு மருத்துவமனையில் மருந்துக்கும் படுக்கைக்கும் காசில்லை, பெரிய ஊர்களில் இந்த நோயைப் பார்த்துப் பழகியவர்கள் இருக்கிறார்கள், சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் பால்வினை நோய்க்கென்றே ஒரு தனி நிலையம் இருக்கிறது. தனியாரில் தங்குவதாக இருந்தால் இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்துப் பாருங்கள். பால்வினை நோய்களுக்கு விலக்கு போட்ட பாலிசிகள் உண்டு. கம்பெனி வழி இன்ஷூரன்ஸ் என்றால் டிஸ்சார்ஜ் சம்மரி எந்தெந்த மேஜைக்குப் போகும் என்பதை அட்மிஷனுக்கு முன்னால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

### புரோக்கெய்ன் பெனிசிலினும் புரொபெனெசிட் மாத்திரையும்

தினம் 24 லட்சம் யூனிட் தசையில், கூடவே 500 மில்லிகிராம் புரொபெனெசிட் நாலு வேளை. இந்த மாத்திரை கீல்வாதத்துக்கு வந்தது. சிறுநீர் வழியாகப் பெனிசிலின் வெளியேறுவதை இது அடைத்து, மருந்தை உடம்பில் நிறுத்தி வைக்கிறது. மாத்திரையை விட்டால் ஊசிக்கும் பலன் இல்லை. வாந்தி வருகிறது என்று நாலை இரண்டாக்கிக்கொள்கிறவர்கள் இதைப் புரிந்துகொள்வதில்லை.

படுக்கை வேண்டாம், வீட்டிலிருந்து வந்து போகலாம் என்பது பெரிய வசதி. ஆனால் மாத்திரை உங்கள் ஊர் மருந்துக் கடையில் கிடைக்கிறதா என்று 14 நாளைக்கும் சேர்த்து விசாரித்த பிறகே ஒப்புக்கொள்ளுங்கள், பாதியில் தீர்ந்தால் எல்லாம் வீண். பத்தாவது நாள் உட்கார முடியாத அளவுக்கு இடுப்பு வலிக்கும். ஞாயிற்றுக்கிழமை யார் போடுவார் என்பதும் ஒரு கேள்வி. ஊசி தவறிப் போய் ரத்தக்குழாயில் இறங்கினால் சில நிமிடம் "செத்துப்போகப் போகிறேன்" என்ற பயங்கரம் நோயாளியைப் பிடித்து உலுக்கும், பிறகு தானாக அடங்கும். அதை அலர்ஜி என்று எழுதிவிடக் கூடாது.

### செஃப்ட்ரியாக்சோன்

பத்து வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் "அலர்ஜி இருந்தால் மட்டும்" என்று சொல்லியிருப்பேன். 2021-இல் பிரான்சிலிருந்து ஓர் ஆய்வு வந்தது: பெரிய மருத்துவமனைகளின் பழைய கோப்புகளிலிருந்து 208 நோயாளிகள், அவர்களில் 42 பேருக்கு இந்த மருந்து, மற்றவர்களுக்குப் பெனிசிலின். முன்னேற்றம் கண்டவர்கள் இதில் 98 சதவீதம், பெனிசிலினில் 76. மருத்துவமனையில் இருந்த நாட்களும் குறைவு. இதைப் படித்துவிட்டுப் பெனிசிலினைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு இல்லை, நிலைமை மோசமானவர்களுக்கு டாக்டர்கள் பெனிசிலினையே தேர்ந்தெடுத்திருக்கலாம். ஆனால் "இது மட்டமான மாற்று" என்று நினைத்துத் தயங்கியவர்களுக்கு இது போதுமான தைரியம் தருகிறது.

தினம் ஒரு முறை என்பதுதான் இதன் பலமெல்லாம். குழப்பத்தில் இருக்கும் பெரியவர் ஒருவர் ராத்திரியில் வென்ஃப்ளானைப் பிடுங்கி எறிவார், கையைக் கட்டினால் கத்துவார்; அப்படிப்பட்டவருக்கு 84 வேளை என்பது காகிதத்தில் மட்டும் நடக்கும். காலையில் ஒரு முறை ஏற்றிவிட்டுக் கையை விடுவித்துவிடலாம் என்றால் 14 நாளும் முழுதாக உள்ளே போகும். முதல் கடிதத்து அப்பாவுக்கு, நீர் எடுத்துப் பார்த்த பிறகு, டாக்டரிடம் இந்த வழியைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். சந்து சந்தாகச் சுற்றும் வேலையில் இருக்கும் காது தம்பிக்கும் இது ஒத்துவரலாம், ஆனால் அவருக்கு முதல் இரண்டு மூன்று நாளாவது அட்மிஷன் நல்லது. காதுக்கு ஸ்டீராய்டு சேர்ப்பதா என்பதையும் காது டாக்டர் அங்கேயே பார்த்துவிடலாம்.

கவனிக்க வேண்டியவை: தசையில் போடும்போது வலி குறைய லிக்னோகெய்ன் கலந்து கொடுப்பார்கள், அந்தக் கலவை நரம்பில் போகவே கூடாது. சுண்ணாம்புச் சத்து கலந்த டிரிப்போடு, அதாவது ரிங்கர் லாக்டேட்டோடு, ஒரே குழாயில் சேர்க்கக் கூடாது. பித்தப்பையில் கசடு சேர்ந்து வயிறு வலிக்கலாம், நிறுத்தினால் போய்விடும்.

### டாக்சிசைக்ளின்

28 நாள், வேளைக்கு 200 மில்லிகிராம். பிரிட்டிஷ் வழிகாட்டியில் இது மாற்றாக இருக்கிறது. பாலோடும் இரும்பு, கால்சியம் மாத்திரையோடும் சேர்த்து விழுங்கினால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. நிறையத் தண்ணீர் குடித்து, உடனே படுக்காமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உணவுக்குழாயில் புண். யாருக்கும் தெரியாமல் முடித்துவிடலாம் என்பதற்காக இதைக் கேட்பவர்கள் அதிகம், அந்தக் காரணத்துக்காக மட்டும் கேட்காதீர்கள்.

## "எனக்குப் பெனிசிலின் ஒத்துக்காது"

இப்படிச் சொல்கிறவர்களைச் சோதித்துப் பார்த்தால் பத்தில் ஒன்பது பேருக்கு உண்மையான அலர்ஜி இருப்பதில்லை. சின்ன வயதில் உடம்பு அரித்தது, அம்மா சொன்னார், அப்படியே நின்றுவிட்டது. எப்போது, என்ன நடந்தது, மூச்சு திணறியதா, உதடு வீங்கியதா, தோல் உரிந்ததா என்று எழுதிக்கொண்டு போங்கள். தேவையானால் தோல் பரிசோதனை செய்வார்கள். உண்மையிலேயே உடனடி அலர்ஜி, ஆனால் பெனிசிலின் தவிர வேறு வழியில்லை, முக்கியமாகக் கர்ப்பத்தில், என்றால் துளித்துளியாகத் தொடங்கிச் சில மணி நேரத்தில் முழு அளவுக்கு ஏற்றிப் பழக்கும் முறை இருக்கிறது. அதை அவசர வசதி இருக்கும் மருத்துவமனையில்தான் செய்ய வேண்டும். பழக்கிய பிறகு இடையில் மருந்தை நிறுத்தினால் அந்தப் பழக்கம் போய்விடும். தோல் உரிந்து போன மாதிரியான கடும் வகை இருந்தவர்களுக்கு இது கிடையாது.

இதில் நான் பார்த்த கொடுமை ஒன்று உண்டு. முதல் ஊசி போட்ட அன்று ராத்திரி நடுக்கத்தோடு காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி. கிருமிகள் கூட்டமாகச் சாகும்போது வருவது, ஒரு நாளில் அடங்கிவிடும், பாராசிட்டமால் போதும். ஒரு தனியார் இடத்தில் இதைப் பார்த்துப் பயந்து, "பெனிசிலின் அலர்ஜி" என்று சிவப்பு மையில் எழுதி, மருந்தை நிறுத்தி அனுப்பிவிட்டார்கள். எங்களிடம் வந்தபோது அந்தச் சிவப்பு எழுத்தை அழிக்க ஒரு வாரம் ஆனது. அட்மிட் ஆன அன்றே துணைக்கு இருப்பவரிடம் இந்தக் காய்ச்சலைப் பற்றிச் சொல்லி வைத்துவிடுங்கள்.

## மருந்து முடிந்த பிறகு வரும் செலவு

இதை யாரும் முதல் நாள் கணக்கில் சேர்ப்பதில்லை. ரத்த வி.டி.ஆர்.எல். சில மாதங்களுக்கு ஒரு முறை, குறைந்தது இரண்டு வருஷம். ஒரே லேப், ஒரே பரிசோதனை. இந்த முறை ஆர்.பி.ஆர்., அடுத்த முறை வி.டி.ஆர்.எல். என்று மாற்றினால் எண்களை ஒப்பிட முடியாது. 1:64 என்பது 1:16 ஆனால் அது நாலு மடங்கு இறக்கம், நல்லது. 1:64 என்பது 1:32 ஆனால் அது ஒன்றும் சொல்லவில்லை. டி.பி.எச்.ஏ. பெரும்பாலும் ஆயுசுக்கும் பாசிட்டிவாகவே இருக்கும், அதைப் பார்த்துத் திரும்ப ஊசி போட்டுக்கொள்ள வேண்டாம்.

முதுகு நீரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை திரும்ப எடுப்பது முன்பு வழக்கம். இப்போது, அறிகுறி குறைந்து, ரத்த அளவும் இறங்கி, எச்.ஐ.வி. இல்லாமல் அல்லது எச்.ஐ.வி. மருந்தில் ஒழுங்காக இருந்தால் அது தேவையில்லை என்று சி.டி.சி. சொல்கிறது. முதல் முறை சரியாக எடுத்து, எண்களைப் பத்திரமாக வைத்திருந்தால் இந்தச் சலுகை முழுதாகக் கிடைக்கும்.

எவ்வளவு சரியாகும் என்று கேட்கிறீர்கள். மூளை உறை அளவில் பிடித்தவர்கள் நன்றாகவே தேறுகிறார்கள். பல வருஷம் தின்ற பிறகு பிடித்த மறதி, தள்ளாட்டம், சுருங்கிய கண் நரம்பு இவற்றில் மருந்து செய்வது பெரும்பாலும் மேலே போகாமல் நிறுத்துவதுதான், கொஞ்சம் மீண்டு வரலாம். அப்பா திரும்பவும் சில்லறையைச் சரியாக எண்ணுவாரா என்பதை யாரும் முதல் நாளே சொல்ல மாட்டார்கள்.

ஒன்று பாக்கி. மூன்று கடிதத்திலும் கூட வாழ்கிறவரைப் பற்றி ஒரு வரி இல்லை. அப்பாவுக்கு இருந்தால் அம்மாவுக்கும் பார்க்க வேண்டும், தம்பிக்கு இருந்தால் மனைவிக்கும், அவர் கர்ப்பமாக இருந்தால் இன்றைக்கே. அரசு மருத்துவமனைகளில் சுகவாழ்வு மையம் என்று பெயர்ப் பலகை இருக்கும், எச்.ஐ.வி. பரிசோதனைக்கு நம்பிக்கை மையம், ஆலோசகர் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார், காசு கேட்க மாட்டார்கள். ரத்தம் ஒரு குப்பிதான், அம்மாவுக்கு வழக்கமாகச் சர்க்கரைக்கு எடுக்கும்போது சேர்த்தே எடுத்துவிடலாம் என்று, நான் இதைச் சொன்ன பிறகு, அந்த மகன் பதில் எழுதியிருந்தார். எடுக்கலாம்தான், ஆனால் எதற்கு எடுக்கிறோம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு எடுங்கள்.